பதுங்கிச் செல்வதைக் குறிக்கும் ‘ஸ்னீக்’ (sneak) என்ற ஆங்கிலச் சொல் உங்களை எங்கே இடறியது?

வெயிலோன்:
என் ஆங்கிலக் கதையில் ஒருவன் பின்வாசல் வழியே நழுவுகிறான். ‘ஸ்னீக்’ என்பதன் இறந்தகாலமாக ‘ஸ்னக்’ (snuck) என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘ஸ்னீக்டு’ (sneaked) என்று திருத்தி, ஓரத்தில் “பாமரர் பேச்சு” என்று குறித்திருந்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அமெரிக்க அச்சில் இருக்கும் வடிவம் ‘ஸ்னக்’. கதை நடப்பதும் அமெரிக்காவில்தான்! அந்த வட்டம் இன்னும் உறுத்துகிறது.

மணிமிடறு:
அகராதியில் ஏறிவிட்டால் எங்கும் செல்லுபடியாகுமா, வெயிலோன்? பிரிட்டிஷ் நடையில் வரும் இதழ் என்றால் நான் ஆசிரியர் பக்கம். ‘பாமரர்’ என்றதுதான் அதிகப்பிரசங்கித்தனம்.
என் கதை வேறு. கணக்கு எங்கோ இடிக்கிறது என்பதற்கு மேலாளர் ‘ஸ்னீக்கிங் சஸ்பிஷன்’ என்று எழுதினார். உள்ளுக்குள் அரிக்கும் ஐயம், அவ்வளவே. பக்கத்து இருக்கைக்காரரோ தன்னைக் கள்ளன் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, அச்சிட்ட தாளோடு எழுந்தே போய்விட்டார். கதவு அறைந்த ஓசையில் அலுவலகமே நிமிர்ந்தது.

தாழைமடல்:
இலக்கணச் சண்டை இருக்கட்டும். இங்கிலாந்தில் இருந்தபோது, அடித்த பையனைப் பற்றி என் மகள் ஆசிரியையிடம் சொன்னாள். வகுப்பே “ஸ்னீக்!” என்று கத்தியதாம். “நான் ஒளிந்து எதுவும் செய்யவில்லையே அம்மா, எல்லோர் முன்னாலும்தானே சொன்னேன்?” என்று கேட்டாள். அங்கே பள்ளிப் பிள்ளைகளின் வாயில் அது கோள்சொல்லியைக் குறிக்கும். அடித்தவனுக்கு ஒரு பட்டமும் இல்லை.

கூர்விழி:
எங்கள் நிகழ்ச்சிச் சுவரொட்டியில் ‘ஸ்னீக் பீக்’ (sneak peek) என்பதன் பின்பாதியை மலையுச்சிக்குரிய ‘peak’ என்ற எழுத்துகளில் அச்சடித்துவிட்டார்கள். ஒட்டிய பிறகுதான் பார்த்தேன்.
மொழிபெயர்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அதைத் ‘திருட்டுப் பார்வை’ ஆக்காதீர்கள், ‘முன்னோட்டம்’ போதும். ஆள் ‘ஸ்னீக்’ செய்து உள்ளே வந்தால் பதுங்கி நுழைந்தான். பொருளை அப்படிக் கொண்டுபோனால் ஒளித்துக் கடத்தினான். காலக்கெடு அப்படி வந்தால் அதில் கள்ளத்தனமே இல்லை. நாம் கவனிக்குமுன் நெருங்கிவிட்டது, அவ்வளவுதான். ரப்பர் அடிப்பாகத்தால் ஓசையின்றி நடக்கவைக்கும் காலணிக்கு ‘ஸ்னீக்கர்’ என்று பெயர் வந்ததிலும் குற்றம் ஏதுமில்லை. எல்லாவற்றுக்கும் ‘நயவஞ்சகம்’ என்று போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. தாழைமடல், மகளைப் பள்ளி மாற்றியிருக்கலாம்.

தாழைமடல்:
மாற்ற வேண்டியது அவளையா?

வெயிலோன்:
மணிமிடறு, அந்த இதழ் அமெரிக்க எழுத்துக்கூட்டலில்தான் வருகிறது.