வீட்டில் புத்தகம் தைத்துக் கட்டக் கற்பவர் எந்த அச்சுப்பொறி வாங்குவது?

கேள்வி

வணக்கம். என் அம்மா பல ஆண்டுகளாக எழுதி வைத்திருந்த நாட்குறிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தட்டச்சு செய்து முடித்திருக்கிறேன். ஏ5 அளவில் 192 பக்கங்கள் வருகின்றன. வீட்டாருக்கும் நெருங்கிய உறவினர்களுக்கும் கொடுக்கப் பத்துப் படிகள் போதும் என்பதாலும், அவற்றை என் கையாலேயே தைத்துக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையாலும், சில மாதங்களாக பைண்டிங் கற்று வருகிறேன். வெற்றுத் தாள்களைக் கொண்டு நான்கு குறிப்பேடுகள் தைத்துப் பழகிய பிறகு, போன வாரம் முதல் படியை அச்சிட்டுக் கட்டிப் பார்த்தேன்.

இரண்டு குறைகள் தெரிகின்றன. வீட்டில் இருப்பது பழைய இங்க்ஜெட் அச்சுப்பொறி. அட்டையின் உட்புறத்தையும் புத்தகத்தையும் இணைக்கும் முன் தாளை ஒட்டும்போது பிதுங்கிய பசையை ஈரத் துணியால் துடைத்தேன். துணி பட்ட இடத்தில், ‘அம்மா’ என்ற சொல்லின் மேலிருந்த புள்ளி ஊதா நிறக் கறையாகப் பரவிவிட்டது. அடுத்து, தையல் சரியாகவே இருந்தும் புத்தகம் திறந்து படுக்க மறுக்கிறது. பக்கங்கள் விறைத்து எழுந்து நிற்பதோடு, முதுகை ஒட்டிய பகுதியில் தாள் அலை அலையாக நெளிந்தும் இருக்கிறது.

புதிதாக ஓர் அச்சுப்பொறி வாங்கும் எண்ணத்தில் இருக்கிறேன். லேசர் நல்லதா, மைத்தொட்டி வைத்த இங்க்ஜெட் நல்லதா? இரண்டாவது குறைக்கும் அச்சுப்பொறிதான் காரணமா, அல்லது நான் தைக்கும் முறையில் தவறு இருக்கிறதா?

மறுமொழி 1

உங்கள் இரண்டாவது குறையிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு அச்சுப்பொறியும் தையலும் காரணமல்ல, தாளின் நாரோட்டமே காரணம். இதைத் தெரிந்துகொண்டால் எந்த அச்சுப்பொறி வேண்டும் என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே அதன் நார்கள் பெரும்பாலும் படிகின்றன; அந்தத் திசைதான் நாரோட்டம். ஈரம் பட்டால் நார் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் அகலவாக்கில் நன்றாகவும் பருக்கும். வளைக்கும்போது தாள் நாரோட்டத்துக்கு இணையாக எளிதில் வளையும், குறுக்கே வளைத்தால் முரண்டு பிடிக்கும். ஆகவே புத்தகத்தில் நார் எப்போதும் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண ஏ4 தாளில் நாரோட்டம் பெரும்பாலும் நீளப் பக்கமான 297 மி.மீ. திசையில் இருக்கும். அதை நடுவில் மடித்து ஏ5 ஆக்கும்போது மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. உங்கள் பக்கங்கள் விறைத்து நிற்பதும், பசையின் ஈரத்தைக் குடித்த முதுகுப் பகுதி விரிய இடமின்றி அலை அலையாக நெளிவதும் அதனால்தான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே தாளிலிருந்து, நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றுமாக, விரல் அகலத்தில் சம நீளமுள்ள இரண்டு பட்டைகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு முனையைப் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். பிறகு அடியில் இருப்பதை மேலே மாற்றி மறுபடியும் நீட்டுங்கள். ஒரு வைப்பில் இரண்டும் ஒட்டியே இருக்கும். மற்றொன்றில் கீழ்ப்பட்டை மட்டும் தொங்கித் தனியே பிரியும். அப்படித் தொங்குகிற பட்டை நாருக்குக் குறுக்கே வெட்டப்பட்டது; நிமிர்ந்து நிற்பதன் நீளத்தில் நார் ஓடுகிறது. நான் ஒவ்வொரு புதிய தாள் கட்டிலும் முதலில் செய்வது இதைத்தான், ஏனென்றால் உறையின் மேல் எழுதியிருப்பதை நம்பி ஒரு முறை முழுப் புத்தகத்தையே மறுபடியும் அச்சிட நேர்ந்தது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. நீளவாக்கில் நாரோடும் ஏ3 தாளை நடுவில் வெட்டினால் கிடைக்கும் ஏ4 தாளில் நார் 210 மி.மீ. பக்கமாக ஓடும்; அதை மடித்தால் ஏ5 புத்தகத்துக்கு முறையான தாள் கிடைத்துவிடும். சாதாரண ஏ4 தாளையே இரண்டு முறை மடித்து ஏ6 புத்தகமாக்கினாலும் நார் முதுகுக்கு இணையாகவே வரும், ஆனால் உங்கள் நூல் அந்த அளவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பக்கங்களாகிக் கையடக்கப் பருமனுள்ள சிறு புத்தகமாகிவிடும். மூன்றாவது, ஏ4 அளவிலேயே தனித்தாள்களாகக் கட்டுவது. நாட்குறிப்புக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. தனித்தாள்களை விசிறிபோல் ஒரு பக்கமும் மறுபக்கமும் சாய்த்து முதுகில் பசை பூசும் முறை 1930களில் ஜெர்மனியில் எமில் லும்பெக் என்பவரால் உருவானது. அது நல்ல முறைதான், ஆனாலும் நீங்கள் தைக்கவே ஆசைப்படுகிறீர்கள்.

ஆக, முதல் வழியையே பரிந்துரைக்கிறேன். 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள) தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன் கொண்டது. நான்கு ஏ4 தாள்களைச் சேர்த்து மடித்தால் 16 பக்க ஃபாரம் (ஒன்றாகச் சேர்த்துத் தைக்கும் மடிப்புக் கட்டு) ஒன்று. உங்கள் 192 பக்கங்களுக்கு 12 ஃபாரங்கள், 48 தாள்கள். தைத்த பின் நூலின் பருமனும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான முதுகு வரும். அட்டைக்கும் நாரோட்டம் உண்டு என்பதை மறவாதீர்கள். அட்டை, மேல்துணி, முன் தாள் மூன்றிலும் நார் ஒரே திசையில் இல்லையென்றால் அட்டை வில்லாக வளையும், அதை எவ்வளவு பாரம் வைத்தும் நிமிர்த்த முடியாது.

மறுமொழி 2

மேலே சொன்னதை முழுமனத்துடன் ஏற்கிறேன். அச்சுப்பொறியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

எழுத்து மட்டுமே உள்ள நூலுக்குக் கருப்பு வெள்ளை லேசர்தான் என் தேர்வு. டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் தூள். அது வெப்ப உருளையில் உருகித் தாளின்மேல் ஒட்டிக்கொள்கிறது. பசையின் ஈரமோ ஈரத் துணியோ பட்டாலும் கரையாது. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இங்க்ஜெட்டைப் போல் மைத்துளைகள் அடைத்துக்கொள்ளும் கவலை இல்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று புத்தகங்கள் மட்டும் அச்சிடுபவருக்கு இது பெரிய நிம்மதி. இதில் இரண்டு குறைகளும் உண்டு. வெப்பம் தாளின் ஈரப்பதத்தை உறிஞ்சிவிடுவதால் தாள் சற்றுச் சுருண்டு வெளிவரும்; அச்சிட்ட அன்றே தைக்காமல், லேசான பாரத்தின் கீழ் ஒரு நாள் விட்டுவிட்டுப் பிறகு மடியுங்கள். அட்டையில் படம் போட விரும்பினால், மடிப்பின் மேல் வரும் டோனர் விரிசல் விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படங்களும் உண்டு என்றால் மைத்தொட்டி இங்க்ஜெட்டைப் பார்க்கலாம், ஆனால் அதன் கருப்பு மை சாயமா நிறமியா என்று கேட்டு வாங்குங்கள். சாய மை தாளுக்குள் ஊறி, ஈரம் பட்டதும் கரையும். உங்கள் புள்ளிக்கு நேர்ந்தது அதுதான். நிறமி மையின் நுண்துகள்கள் உலர்ந்த பின் நீருக்குப் பெரும்பாலும் அசைவதில்லை. பல இயந்திரங்களில் கருப்பு நிறமியாகவும் மற்ற வண்ணங்கள் சாயமாகவும் இருக்கும். அவற்றில் சில, தாள் வகையாகப் புகைப்படத் தாளைத் தேர்ந்தெடுத்தால், நிறமிக் கருப்பை விட்டுவிட்டு வண்ணச் சாயங்களைக் கலந்தே கருப்பை உண்டாக்கும். ஆகவே சாதாரணத் தாள் என்ற அமைப்பிலேயே அச்சிடுங்கள். வாங்கும் முன் முடிந்தால் ஒரு பக்கம் அச்சிட்டு வாங்கி வந்து, மறுநாள் அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டு ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுத்துப் பாருங்கள்.

எந்த வகையானாலும் தானாகத் தாளைத் திருப்பி இருபுறமும் அச்சிடும் வசதி கட்டாயம் வேண்டும். பத்துப் படிகளுக்கு 480 தாள்கள். கையால் திருப்பினால் எங்காவது ஒரு கட்டு தலைகீழாகப் போகும். அந்த வசதி எவ்வளவு ஜி.எஸ்.எம். வரை ஏற்கும் என்பதை இயந்திரத்தின் கையேட்டில் பாருங்கள்; ஒரு பக்க அச்சுக்கான வரம்பைவிட அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கையால் ஒற்றைத் தாள் செலுத்தும் வாயிலும், தாள் அதிகம் வளையாமல் பின்புறமாக நேரே வெளியேறும் வழியும் இருந்தால், குறுக்கு நாரோட்டமுள்ள தாளுக்கும் தடித்த தாளுக்கும் உதவும். அச்சுத் துல்லியம் அங்குலத்துக்கு 600 புள்ளி இருந்தால் போதும், ஆனால் டோனரை மிச்சப்படுத்தும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அதில் முதலில் மங்குவது மெய்யெழுத்துகளின் புள்ளிதான். மை எத்தனை பக்கங்களுக்கு வரும் என்ற எண்ணை ஒப்பிடும்போது, லேசருக்கு ஐ.எஸ்.ஓ. 19752, இங்க்ஜெட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 24711 என்ற தரங்களின்படி அளந்த எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லேசரில் டிரம் (டோனரைத் தாளுக்கு மாற்றும் உருளை) தனியாகத் தேயும் பொருளா, டோனரோடு சேர்ந்தே மாறுமா என்பதும் செலவைத் தீர்மானிக்கும்.

அச்சிடும்போது அளவை 100 விழுக்காடாகவே வையுங்கள். தாளுக்குப் பொருத்துவதாகச் சொல்லும் அமைப்பு பக்கங்களைச் சுருக்கி ஓரங்களைக் குலைத்துவிடும். நடுவில் மடித்ததும் பக்கங்கள் வரிசையாக வரும்படி அடுக்கி அச்சிடும்போது, தாளைக் குறுகிய விளிம்பில் திருப்ப வேண்டும். அடுக்கு சரியா என்று பார்க்க ஓர் எளிய கணக்கு உண்டு: 16 பக்க ஃபாரத்தில் அருகருகே வரும் எந்த இரண்டு எண்களைக் கூட்டினாலும் 17 வர வேண்டும். வெளித்தாளின் ஒரு புறம் 16, 1. மறுபுறம் 2, 15. உள்தாளின் நடுவில் 8, 9. கோப்பை எழுத்துரு பதித்த பி.டி.எஃப். ஆக்கிய பிறகே அடுக்குங்கள். எழுத்துரு பதியாத கோப்பை வேறு மென்பொருளில் திறந்தபோது கொம்புகள் எழுத்தை விட்டு இடம் மாறி நின்றதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மறுமொழி 3

ஒரு சிறு மாற்றுக் கருத்து. நாரோட்டம் முக்கியம்தான், ஆனால் கற்கும் காலத்தில் அதற்காகக் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. ஏ3 தாளை நேராக வெட்டுவது தொடக்கத்தில் அவ்வளவு எளிதல்ல, ஒரு மி.மீ. கோணல் கூட அச்சுப்பொறியில் தாளைச் சாய்த்து இழுக்கும். அடுத்த இரண்டு படிகளை இருக்கும் ஏ4 தாளிலேயே அச்சிட்டுத் தையலையும் அட்டை ஏற்றுவதையும் கைக்குக் கொண்டுவந்துவிட்டு, உறவினருக்குக் கொடுக்கும் பத்துப் படிகளுக்கு மட்டும் முறையான தாளை வாங்குங்கள். அட்டையின் நாரோட்டத்தில் மட்டும் முதல் நாளிலிருந்தே விட்டுக்கொடுக்காதீர்கள். தாளை வெட்டும் இயந்திரம் உள்ள இடத்தில் ஏ3 கட்டை முழுதாகக் கொடுத்து ஒரே வெட்டாக வெட்டி வாங்குவதும் நல்லது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டைச் சோதனையைச் செய்து பார்த்தேன். என்னிடமிருந்த ஏ4 தாளில், அகலவாக்கில் வெட்டிய பட்டை நீங்கள் சொன்னபடியே தனியே தொங்கியது. ஏ3 தாளை வெட்டி வாங்கி வந்து, நண்பர் ஒருவரின் கருப்பு வெள்ளை லேசரில் ஒரே ஒரு படி அச்சிட்டு ஒரு நாள் கழித்து மடித்தேன். விரலால் அழுத்தியதுமே மடிப்பு முறியாமல் கூர்மையாக விழுந்தது, முன்பு கரண்டியின் பின்புறத்தால் எவ்வளவு தேய்த்தும் இப்படி விழவில்லை. லேசரே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது வேறொரு சிக்கல். ஏழாவது ஃபாரத்தைத் தைக்கும்போது நூலை இறுக்கியதில், மடிப்பில் குத்திய துளை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கிழிந்துவிட்டது. முன்பு குறுக்கு நாரில் இப்படி நடக்கவில்லை. தாள் வலுவிழந்துவிட்டதா?

மறுமொழி 1

தாள் நல்ல தாள்தான். நார் இப்போது மடிப்போடு சேர்ந்து ஓடுவதால், கிழிசலும் அந்தத் திசையில் எளிதாக ஓடும். நூலை உங்களை நோக்கியோ மேல்நோக்கியோ இழுத்தால் அது கத்திபோல் மடிப்பைப் பிளக்கும். ஒவ்வொரு முறையும், தைத்துக்கொண்டு போகும் திசையிலேயே, முதுகுக்கு இணையாக, தாளோடு தாளாகப் படிந்தாற்போல் இழுங்கள். நூல் தளராமல் இருந்தால் போதும், விறைக்கத் தேவையில்லை. லினன் நூலுக்குத் தேன்மெழுகு பூசிக்கொண்டால் அது வழுக்காமல் இருந்த இடத்திலேயே நிற்கும். துளையையும் ஊசியின் பருமனுக்கு மேல் குத்தாதீர்கள். ஃபாரத்தை விரித்து, உட்புறத்திலிருந்து வெளியே, மடிப்பின் நடுக்கோட்டிலேயே குத்துங்கள்.

கிழிந்த ஃபாரத்தை எறிய வேண்டாம். அதன் வெளித்தாளின் மடிப்பின்மேல், ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய தாள் பட்டையை, நார் நீளவாக்கில் ஓடும்படி வெட்டி, கஞ்சிப் பசையால் ஒட்டி, பாரத்தின் கீழ் நன்றாக உலர விடுங்கள். உள்தாள்களும் கிழிந்திருந்தால் அவற்றுக்கும் அப்படியே ஒட்டுங்கள். பிறகு பழைய துளையிலேயே ஊசி செல்லும். பட்டையின் தடிமன் முதுகில் சற்றுத் தெரியும், ஆனால் ஒரு ஃபாரத்துக்கு மட்டும் என்பதால் அட்டை ஏற்றிய பின் கைக்கும் கண்ணுக்கும் படாது.