மறு: தாக்ட்ஃபார்ப்லானுக்குத் தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடங்களில் ரயில்கள் வந்து போகும் அட்டவணையைத்தான் ஜெர்மனில் தாக்ட்ஃபார்ப்லான் என்கிறார்கள், அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை இது.

> 'சீரிடை அட்டவணை' போதுமே. ரயில்கள் சீரான இடைவெளியில் ஓடுகின்றன, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்றால் ஊரில் உள்ள எல்லா மெட்ரோவும் இதில் அடங்கிவிடும், ஐயா. சுவிட்சர்லாந்தில் 1982 மே 23 அன்று நாடு முழுக்க இந்த முறை வந்தபோது 'மணிக்கொரு ரயில்' என்றுதான் விளம்பரம் செய்தார்கள், ஆனால் சீரான இடைவெளி என்பது இந்த முறையின் ஒரு பாதிதான். வண்டிகள் எந்த ஊரில், எந்த நிமிடத்தில் ஒன்றாக வந்து நிற்கின்றன என்பது மீதிப் பாதி, எனக்கு அதுதான் பெரிய பாதி.

2004 டிசம்பரில் வந்த அட்டவணையைப் பாருங்கள். சூரிக்கில் ஒவ்வொரு மணியிலும் 2ஆம் நிமிடத்தில் கிளம்பும் வண்டி பேர்னுக்கு 58ஆம் நிமிடத்தில் வந்துவிடும், 32ஆம் நிமிடத்தில் கிளம்புவது அடுத்த மணியின் 28ஆம் நிமிடத்தில். முழு மணியை ஒட்டி மற்ற திசை வண்டிகளும் பேர்னுக்கு வந்து நிற்கும், இறங்கி நடைமேடை மாறி ஏறிக்கொள்ளலாம், சில நிமிடத்தில் எல்லாம் கலைந்து போய்விடும். தவறவிட்டாலும் அட்டவணையைப் புரட்ட வேண்டாம், அடுத்த மணியிலும் அதே நிமிடத்தில்தான்.

இதற்காகத் தண்டவாளமே போட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. சூரிக்–பேர்ன் பயணம் முன்பு 69 நிமிடம், அதாவது முழு மணிக்குக் கிளம்பினால் அடுத்த முழு மணிக்கு ஒன்றுகூடும் வண்டிகளைப் பிடிக்க முடியாது. 1987இல் மக்கள் வாக்கெடுப்பில் 'பான் 2000' (ரயில் 2000) என்ற ரயில் மேம்பாட்டுத் திட்டம் தேறியது, அந்த வழியில் மாட்ஷ்டெட்டன்–ரோத்ரிஸ்ட் இடையே சுமார் 45 கி.மீ. புதுப் பாதை, மணிக்கு 200 கி.மீ. வேகம், பயணம் 56 நிமிடம். இன்னும் பணத்தைக் கொட்டி 45 நிமிடமாக்கியிருக்கலாம்தான், ஆனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்து இணைப்பு வண்டிக்குக் காத்திருப்பதில் என்ன லாபம்? முதலில் அட்டவணை, அதற்கேற்ற வேகம், அப்புறம்தான் பாதை. நம் சொல்லில் இந்த மணிக்கணக்கு தெரிய வேண்டும், 'சீரிடை'யில் அது தெரியவில்லை.

> தாக்ட் என்றால் தாளம். 'தாள அட்டவணை' அழகாக இருக்கிறதே.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கர்நாடக இசை படித்தவர் யாரிடம் சொன்னாலும் 35 தாளங்களின் பட்டியலைத்தான் எடுத்து நீட்டுவார். இன்னொருவர் சொன்ன 'ஒத்தநிமிட அட்டவணை'யும் வேண்டாம், பேச்சில் 'ஒத்த' என்றால் ஒற்றை, ஒத்த ரூபாய் மாதிரி ஒத்த நிமிடம் என்று ஆகிவிடும்.

நான் சொல்வது மணிச்சுற்று அட்டவணை. ஒரு மணி நேரத்தில் நடப்பதே அடுத்த மணியிலும் அப்படியே சுற்றி வருகிறது. ஜெர்மனில் அரைமணிக்கு ஒன்று, கால்மணிக்கு ஒன்று என்று தாக்ட்டை வெட்டிச் சொல்வார்கள், நாமும் அரைமணிச்சுற்று, கால்மணிச்சுற்று என்று சொல்லிக்கொண்டே போகலாம், 'இந்தத் தடம் அரைமணிச்சுற்றுக்கு மாறியது' என்று எழுதினால் உறுத்தவில்லை. சுற்று ரயிலோடு குழம்புமே என்று ஒரு பயம் இருந்தது, முன்னால் 'மணி' இருக்கும்வரை குழம்பாது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் வண்டிகள் ஒன்றாகச் சேரும் அந்த நிலையம், ஜெர்மனில் முடிச்சு என்றே சொல்கிறார்கள். 'சந்திப்பு' நமக்கு ஏற்கெனவே ஜங்ஷன், அங்கே பாதைகள் சேரும், வண்டிகள் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பதில்லை. கூடல் நிலையம் எப்படி? மதுரைக்காரர்கள் கூடல்நகர் ஸ்டேஷனை நினைத்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வண்டி மாறக் கிடைக்கும் அந்தச் சில நிமிடத்துக்கு 'மாறுநேரம்' என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன், எனக்கே அதில் திருப்தியில்லை. வேறு யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் இந்த இழையிலேயே போடுங்கள்.

அன்புடன்