புது பில்டிங்கில் முதல் குடித்தனம்: சென்னையில் உங்கள் அனுபவம் எப்படி?

சோழிங்கநல்லூர் பக்கம், மூன்றாம் மாடி:

புது வீடு என்றதும் எல்லோரும் டைல்ஸைத் தடவிப் பார்ப்பார்கள், மாடுலர் கிச்சன் டிராயரை இழுத்துப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், முதலில் கீழே போய் மீட்டர் ரூமைப் பாருங்கள். நான் பார்க்கப் போன அன்று அங்கே வீட்டுக்கொரு மீட்டர் மாட்ட இடம் இருந்தது, மீட்டர்தான் இல்லை. கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலிருந்தே எல்லா வீட்டுக்கும் வயர் இழுத்து, சப் மீட்டர் வைத்திருந்தார்கள். இவ்வளவு பெரிய அடுக்ககத்துக்கு சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பணி நிறைவுச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் நிரந்தர இணைப்பு. அனுமதி வாங்கிய பிளான் ஒன்று, கட்டியது ஒன்று என்றால் அது இழுத்துக்கொண்டே போகும். அதுவரை நமக்குக் கட்டுமான ரேட்டுதான், வீட்டு இணைப்புக்கு உள்ள இலவச யூனிட்டெல்லாம் கிடையாது. மே மாதம் ஏ.சி. போட்டால் பில் வயிற்றைக் கலக்கும்.

ஓனர் அமெரிக்காவில். இங்கே எல்லாம் அவர் அப்பாதான். "அடுத்த மாசம் வந்துடும் தம்பி" என்றார். பாவம், பில்டர் அவருக்குச் சொன்னதை எனக்குச் சொல்கிறார். சரி, வரும்வரை கரன்ட் பில்லில் கூடுதலாக ஆகும் தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று அக்ரிமென்டில் ஒரு வரி சேருங்கள் சார் என்றேன். மகனிடம் போனில் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் அந்த வீட்டுக்கே போயிருக்க மாட்டேன்.

மற்றபடி, சுற்றியுள்ள வீடுகளில் இன்டீரியர் வேலை முடியும்வரை டிரில் சத்தம்தான் சுப்ரபாதம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாக்கம்:

மேலே எழுதியவர் மீட்டர் என்கிறார், நான் பாத்ரூம் என்பேன். வீடு பார்க்கப் போகும்போதே ஒரு வாளித் தண்ணீரைப் பாத்ரூம் தரையில் ஊற்றிவிட்டு நில்லுங்கள். எங்கள் வீட்டில் வாட்டம் சரியில்லை. தண்ணீர் வடிகிற ஓட்டை மூடியான ஜாலிப் பக்கம் போகாமல் கதவைத் தேடி வந்தது. போதாக்குறைக்கு, டைல்ஸ் ஒட்டும்போது கழுவிவிட்ட சிமென்ட் பால் குழாய்க்குள்ளேயே இறுகியிருந்தது. பிளம்பர் கம்பியை விட்டு இடித்து இடித்து எடுத்தார். சுண்ணாம்புக் கட்டி மாதிரி துண்டு துண்டாக வந்தது. பில்டர் ஆளைக் கூப்பிட்டால் "ஹேண்டோவர் முடிஞ்சிடுச்சு சார்" என்று முடித்துக்கொண்டார்கள்.

இங்கே தண்ணீர் லாரிதான். மெயின்டனன்ஸ் தொகையில் லாரித் தண்ணீரும் சேர்த்தியா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வீடு காலியாக இருக்கும்போது குடிவந்திருப்பவர்கள் தலையில்தான் லிஃப்ட், ஜெனரேட்டர், செக்யூரிட்டி செலவு முழுக்க விழும்.

போரூர்:

எங்களுக்குக் கட்டடத்தில் குறையே இல்லை. ஹவுஸ் ஓனர் அம்மாவின் மனசுதான் பிரச்சினை. "நாங்களே ஒரு நாள் படுத்துத் தூங்கலைம்மா, உங்களுக்குக் குடுக்கறோம்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். கிரகப்பிரவேசத்துக்கு அவர்கள் பால் காய்ச்சிய அடுப்படியிலேயே நாங்களும் காய்ச்சினோம். அதுவரை சந்தோஷம். அப்புறம் ஆரம்பித்தது: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலண்டர்கூட ஒட்டுகிற கொக்கியில்தான். மீன் பொரித்தால் சிம்னி போட வேண்டும். நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தவர், பேசிக்கொண்டே பால்கனி வரை ஒரு ரவுண்டு போய்ச் சுவரெல்லாம் பார்த்துவிட்டு வந்தார். கோபம் வந்தாலும் எனக்குப் புரிந்தது. இருபது வருஷம் இ.எம்.ஐ. கட்டப்போகிற வீடு அது.

அட்வான்ஸ் விஷயம் சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது. ஆனால் இருவரும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் செல்லும். அந்தச் சந்தில் புகுந்துதான் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கிறார்கள். நாங்கள் பேசிப் பேசி ஐந்துக்குக் கொண்டுவந்தோம். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பதும் இங்கே வழக்கம். குடிபோகும் முன் ஒவ்வொரு சுவரையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்திருக்கிறேன். அவரும் தம்ஸ் அப் போட்டிருக்கிறார்.

மேடவாக்கம்:

மேல்மாடி எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு: அவசரம் இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று பெய்து முடிந்த பிறகு பாருங்கள். புதுப் பூச்சில் கசிவு இருந்தால் சீலிங் மூலையில் மஞ்சள் கறை விழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தண்ணீர் நின்றது, அதனால் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் இங்கே எதுவரை வந்தது என்று கேளுங்கள். புரோக்கர் முட்டியைக் காட்டினால் அவர் இடுப்பைக் காட்டுவார்.