புதுப்பிப்பு: ஆட்டோகேடில் 25.4 மடங்கு பெரிதான பேரிங் படம், தீர்வு கிடைத்தது

உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலைப் பட்டறை வேலைக்காக ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளைக் கற்றுவருகிறேன். வெளியிலிருந்து வந்த பேரிங் உறையின் படத்தை என் வரைபடத்தில் செருகினால் 25.4 மடங்கு பெரிதாகிறது என்று கேட்டிருந்தேன்.

அக்கா ஒருவர் சொன்னதே பலித்தது: ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஆகவே மூலக் கோப்பின் அலகைப் பாருங்கள் என்றார். மில்லிமீட்டரில் வரைந்த படத்துக்கு அங்குலம் என்று குறித்திருந்தது. 'யூனிட்ஸ்' கட்டளையில் செருகும் அலகை மில்லிமீட்டராக்கிச் சேமித்தேன். வரைந்த கோடுகளின் நீளம் இதனால் மாறாது, பயப்பட வேண்டாம்.

எதிர்பாராதது ஒன்று: மறுபடி செருகியபோதும் பெரிதாகவே வந்தது! பழைய பிளாக் (முதலில் செருகிய படத்தின் பதிவு) என் வரைபடத்துக்குள் பதிந்திருந்ததுதான் காரணம். முன்பு செருகியவற்றை அழித்து, 'பர்ஜ்' கட்டளையால் அந்தப் பதிவையும் நீக்கி, கோப்பிலிருந்து புதிதாகச் செருகியதும் அளவு மிகச் சரியாக அமைந்தது.

'ஸ்கேல்' கட்டளையால் சுருக்கச் சொன்ன அண்ணனின் யோசனையும் வேலை செய்கிறது. ஆனால் செருகும்போதெல்லாம் செய்ய வேண்டும். பலர் பகிரும் கோப்புக்கு அது ஆகாது என்பதே என் கருத்து. புதிய படங்களை இப்போது 'அக்காட்ஐஎஸ்ஓ' வார்ப்புருவில் தொடங்குகிறேன். அதில் மில்லிமீட்டர்தான் இயல்பு அலகு.