தோட்டக்கலை படித்தவர் நிலத்தோற்றக் கட்டடக்கலைக்குச் செல்ல முடியுமா?

கேள்வி: பூவரசு

அனைவருக்கும் வணக்கம். நான் தோட்டக்கலை இளநிலைப் பட்டப்படிப்பின் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். சென்ற பருவத்தில் தொழிற்பயிற்சிக்காக நில எழிலூட்டும் நிறுவனம் ஒன்றில் 3 மாதங்கள் வேலை பார்த்தேன். புறநகரில் புதிதாக எழுந்த அடுக்ககம் ஒன்றின் வளாகத்தில் ஏறத்தாழ 200 மரக்கன்றுகளை நட்டோம். குழியின் அளவு, எரு, இடைவெளி எல்லாவற்றையும் பாடத்தில் உள்ளபடியே செய்தோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சில நாள்களில் வளாகத்தின் தென்கிழக்கு மூலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு வாரமாகியும் வடியவில்லை. அங்கே நட்ட வேப்பங்கன்றுகள் அத்தனையும் வேரழுகிப் போயின. அந்த மூலை வழியாகத்தான் முன்பு ஏரிக்கு வரத்து வாய்க்கால் போனது என்று பக்கத்து நிலத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பிறகு சொன்னார்.

எந்த மண்ணுக்கு எந்த மரம் என்று சொல்ல எனக்குத் தெரியும். அந்த நிலத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது. அதைச் சொல்லித்தரும் நிலத்தோற்றக் கட்டடக்கலையை (லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்) படிக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு என்னை விடவே இல்லை. ஆனால் நான் கட்டடக்கலை படித்தவள் அல்ல; ஓவியமும் எனக்குச் சுமாராகத்தான் வரும். வேளாண் பல்கலைக்கழகத்தில் உள்ள முதுநிலை அறிவியல் படிப்பில் சேருவதா, கட்டடக்கலைக் கல்லூரிகளில் உள்ள படிப்புக்கு ஏதேனும் வழி இருக்கிறதா, அல்லது அப்பா சொல்வதைக் கேட்டுத் தோட்டக்கலை அலுவலர் பணிக்கான தேர்வாணையத் தேர்வுக்குத் தயாராவதா என்று தெரியாமல் நிற்கிறேன். இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கலிங்கு

வணக்கம். சென்னையில் 16 ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். நீங்கள் குறிப்பிடும் இரண்டு படிப்புகளுக்கும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒரே பெயர் இருப்பதுதான் ஆண்டுதோறும் பலரைக் குழப்புகிறது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மலரியல் மற்றும் நில எழிலூட்டும் துறை அறிவியல் துறையாகும். மலர்ப்பயிர்கள், அழகுத் தாவரங்கள், புல்தரை, அவற்றின் பெருக்கமும் பராமரிப்பும் அங்கே மையமாக இருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியில் உள்ள எம்.ஆர்க். (கட்டடக்கலை முதுநிலை) லேண்ட்ஸ்கேப் படிப்பு வடிவமைப்புப் படிப்பு. 2 ஆண்டுகள், 4 பருவங்கள். இதில் சேர 5 ஆண்டு பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலை) பட்டமும், கேட் (தேசிய அளவிலானது) அல்லது சீட்டா (தமிழ்நாட்டுக்குரியது) நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும். தில்லி, போபால், விஜயவாடா ஆகிய ஊர்களிலுள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளிலும் இது பெரும்பாலும் கட்டடக்கலைப் பட்டதாரிகளை மனத்தில் வைத்தே அமைந்த படிப்பு. ஆகவே இந்தியாவுக்குள் உங்களுக்கு வாசல் குறுகலானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சட்டம் வேறு விதமாக இருப்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டம், பதிவு பெறாத எவரும் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 37ஆம் பிரிவு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுகளுக்கு அத்தடையிலிருந்து விலக்களிக்கிறது. செடிகள், மரங்கள், நிலத்தோற்றம் தொடர்பான திறந்தவெளிகளை வடிவமைப்பவர் என்று அவர்களை அது வரையறுக்கிறது. இதனால் பி.ஆர்க். இல்லாதவரும் இத்தொழிலைச் செய்யலாம். கூடவே, நாலு பூந்தொட்டி வைத்தவரும் இதே பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலையும் இருக்கிறது. வாடிக்கையாளர் உங்கள் பட்டத்தைக் காட்டிலும் நீங்கள் முடித்துக் கொடுத்த வேலையைப் பார்த்தே நம்புவார்.

இனி படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். நான் படித்த காலத்தில் முதல் பருவத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம் கொடுத்தார்கள். முதல் 5 வாரங்கள் ஒரு செடியைக்கூட வரைய அனுமதிக்கவில்லை. நிலத்தின் மட்டங்களை, அதாவது இடத்துக்கு இடம் அதன் உயரத்தை எடுத்து, ஒரே உயரமுள்ள புள்ளிகளை இணைக்கும் சமஉயரக் கோடுகளை வரைந்து, எங்கே வெட்டுவது, வெட்டிய மண்ணை எங்கே நிரப்புவது, மழைநீர் எத்திசையில் ஓடும் என்பதை மட்டுமே செய்தோம். 1,000 சதுர மீட்டர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 1 லட்சம் லிட்டர் நீர். இந்தக் கணக்கை ஆசிரியர் கரும்பலகையில் போட்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. அந்த நீரை நிறுத்தவும், மண்ணுக்குள் இறக்கவும், மிஞ்சியதை அடுத்த நிலத்துக்குக் கேடில்லாமல் அனுப்பவும் தெரியாமல் வரையும் எந்த வரைபடமும் உங்கள் வேப்பங்கன்றுகளின் கதியைத்தான் அடையும்.

மூன்றாம் பருவத்தில் ஒரு வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். எங்களுக்குக் கிடைத்தது தென்சென்னை. அங்குள்ள பல ஏரிகளின் மிகைநீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் கழிமுகத்துக்கும் செல்கிறது. மண், சரிவு, நீரோட்டம், தாவரம், குடியிருப்பு ஒவ்வொன்றையும் தனித்தனி வரைபடமாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் முறை 1960களில் அமெரிக்காவில் நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர் இயன் மெக்ஹார்க் பரப்பியது. நாங்கள் டிரேசிங் தாளில் செய்ததை இன்றைய மாணவர்கள் புவித்தகவல் மென்பொருளில் செய்கிறார்கள். அடுக்கி முடித்ததும், எந்த மனைப்பிரிவு எந்த ஏரியின் கலிங்குக்கு (மிகைநீர் வெளியேறும் வழிக்கு) நேர் கீழே அமைந்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. பள்ளிக்கரணைக்கு 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சர் தகுதி கிடைத்தபோது நான் முதலில் நினைத்துக்கொண்டது அந்தத் தாள்களைத்தான்.

ஓவியம் பற்றிய உங்கள் அச்சம் தேவையற்றது. கோடு நேராக இருப்பதைவிட அதன்மேல் எழுதப்பட்ட மட்டம் சரியாக இருப்பதே எங்கள் வேலைக்கு முக்கியம்.

பதில்: கொன்றை

நான் மலரியல் மற்றும் நில எழிலூட்டுதலில் முதுநிலை அறிவியல் முடித்துவிட்டு, ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் தாவரத் திட்டத்தைக் கவனித்துக்கொள்கிறேன். கலிங்கு ஐயா சொன்ன அனைத்தும் உண்மை. ஆயினும் கேள்வி கேட்டவர் தம் கையில் இருப்பதைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கட்டடக்கலையிலிருந்து வரும் இளைஞர்கள் அழகான வரைபடம் கொண்டுவருவார்கள். அதில் 8 மீட்டர் விரிவுள்ள மரத்தை 1 மீட்டர் மண் ஆழமுள்ள நிலவறைக் கூரையின்மேல் வைத்திருப்பார்கள். அதைத் தடுத்து, அங்கே எது நிற்கும் என்று சொல்லவும், அந்தக் கன்று எந்த நாற்றங்காலில் எந்த அளவில் கிடைக்கும் என்று அறிந்திருக்கவும் ஓர் ஆள் வேண்டும். நம் ஊர் நாற்றங்கால்களில் கொரியன் புல்லும் அரேகா பனையும் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கின்றன. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டுக்குரிய வீரையையும் காசாவையும் உலக்கைப்பாலையையும் கேட்டால் வெகு சிலரிடமே இருக்கின்றன. வேகமாக வளர்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கோனோகார்பஸ் என்னும் அயல்மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். குஜராத் அரசு 2023இல் அதற்குத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. தாவரம் அறிந்தவர்களின் குரல் திட்டத்தின் தொடக்கத்திலேயே இருந்திருந்தால் இது இவ்வளவு பரவியிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரில் அமைந்து 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். கட்டடக் கழிவும் குப்பையும் கொட்டப்பட்டிருந்த இடம் அது. கழிவை அகற்றி, நீர் நிற்கப் பள்ளங்களை மீட்டு, அலையாத்தித் தாவரங்களையும் கரையோரக் காட்டு மரங்களையும் வளர்த்த அந்தத் திட்டத்தை வழிநடத்தியவர்கள் ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் காட்டுக் குழுவினர். காடு வளர்த்து அனுபவப்பட்டவர்கள் அவர்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இத்துறையில் இடம் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மட்டக் கணக்கும் வடிகாலும் எனக்கு என் படிப்பில் போதுமான அளவு கிடைக்கவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு ஒரு மூத்த பொறியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு ஆண்டுகள் கற்றுக்கொண்டேன்.

பதில்: நாகமரம்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கட்டடக்கலை நான்கு ஆண்டு இளமாணிப் பட்டமாகவே உள்ளது. பள்ளியில் உயர்தரம் (உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு போன்றது) முடித்த கையோடு நேரடியாக இதற்குள் நுழைந்தவள் நான். கட்டடத்தைப் படித்துவிட்டு வெளிக்கு வராமல், முதல் நாளிலிருந்தே நிலத்தைப் படிப்பதால் பார்வை வேறாக அமைகிறது என்பது என் அனுபவம். இந்தியாவிலும் இளநிலையிலேயே இது பரவலாகக் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எங்களை பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுணுகங்கைக்கு அழைத்துச் சென்றார்கள். எங்கள் நாட்டின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1948இல் வாங்கிய பழைய இறப்பர் தோட்டம் அது. வீட்டிலிருந்து பார்த்தால் எதிரிலுள்ள குன்றுக்கு அப்பால் ஏரியும், தொலைவில் ஒரு பௌத்தத் தாதுகோபமும் தெரிகின்றன. அந்தக் காட்சிக்காகக் குன்றின் உச்சியையே அவர் தாழ்த்தியிருந்தார் என்று விரிவுரையாளர் விளக்கியபோது நாங்கள் எல்லோரும் வாயடைத்து நின்றோம். இடையே செல்லும் ஊர்ப் பாதை ஒரு பள்ளத்துக்குள் மறைந்துபோவதால் பார்வை எங்கும் தடைப்படுவதில்லை. மரங்கள் வளர்ந்து நம் கண்ணுக்குத் தெரிகின்றன. வெட்டிய மண் தெரிவதில்லை. கலிங்கு அவர்கள் சொன்ன 5 வாரங்களின் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது.

வேறு துறையிலிருந்து வருவதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். பாவா முதலில் சட்டத்தரணியாக இருந்தவர். அந்தத் தோட்டத்தை உருவாக்க முயன்றபோது தம்மிடம் போதிய நுட்ப அறிவு இல்லை என்று உணர்ந்தே கட்டடக்கலை படிக்கச் சென்றார். 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. உங்களுக்கு இப்போது 21 அல்லது 22 தானே இருக்கும்.

பதில்: கரைவழி

தாவரவியல் இளநிலை முடித்து, அமெரிக்காவில் முதுநிலை படித்தவன் என்பதால் அந்த வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அங்கே எம்.எல்.ஏ. (மாஸ்டர் ஆஃப் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்) என்னும் முதுநிலைப் பட்டம் பொதுவாக இரண்டு தடங்களில் இருக்கும். கட்டடக்கலையோ நிலத்தோற்றக் கலையோ படித்து வந்தவர்களுக்கு 2 ஆண்டுகள். வேறு எந்தத் துறையிலிருந்து வருபவர்களுக்கும் 3 ஆண்டுகள். என் வகுப்பில் வரலாறு படித்தவரும் இசை படித்தவரும் இருந்தார்கள். முதல் ஆண்டு முழுவதும் அடிப்படை வரைகலையும் மட்டமும் சொல்லிக்கொடுப்பதால் யாரும் பின்தங்கிவிடவில்லை. நிலத்தோற்றக் கட்டடக்கலை 2023 ஜூலையில் அந்நாட்டின் அறிவியல் தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், படித்து முடித்த பிறகு பயிற்சிப் பணிக்காக மொத்தம் 3 ஆண்டுகள் வரை தங்கலாம்.

ஆனால் கட்டணம் மிக அதிகம். நான் பகுதி உதவித்தொகை பெற்றும் கடன் வாங்கினேன்; அந்தக் கடன் பல ஆண்டுகள் என் முடிவுகள் எல்லாவற்றையும் பாதித்தது. வீட்டு நிலத்தை அடமானம் வைத்துச் செல்ல வேண்டிய நிலை என்றால் செல்லாதீர்கள் என்றே சொல்வேன். உதவித்தொகை கிடைக்கும் வரை ஓரிரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது தவறே இல்லை.

விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைவிட உங்கள் வேலைத் தொகுப்பையே ஊன்றிப் பார்ப்பார்கள். அதில் வண்ண ஓவியங்கள் வேண்டியதில்லை. அந்தத் தென்கிழக்கு மூலையின் கதையை ஒளிப்படங்களோடும், மண்ணின் குறுக்குவெட்டோடும், வாய்க்கால் சென்ற தடத்தோடும் நான்கு பக்கங்களில் வையுங்கள். நான் தேர்வுக் குழுவில் இருந்தால் அந்த நான்கு பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

பதில்: பூவரசு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு அப்பாவுக்கு இவற்றை வாசித்துக் காட்டினேன். வாய்க்காலைத் தூர்த்து மனை போட்ட இடங்கள் எங்கள் ஊரிலும் உண்டு என்பதால் அவர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் தாவரத் திட்டப் பணியில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளில் வேலைத் தொகுப்பைத் தயார் செய்து விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். கலிங்கு ஐயா, மட்டம் எடுப்பதை இப்போதே கற்றுக்கொள்ள முடியுமா? கல்லூரியில் கருவி கேட்டால் கிடைப்பது கடினம்.

பதில்: கலிங்கு

கருவியே வேண்டாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். ஒளி ஊடுருவும் குழாய் 10 மீட்டர் வாங்கி, காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். ஒரு முனையை ஓர் அடையாளப் புள்ளியிலும் மறு முனையை அளக்க வேண்டிய இடத்திலும் ஆளுக்கு ஒன்றாக இருவர் பிடிக்க, இரு முனைகளிலும் தரையிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள உயரத்தை அளவுகோலால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அந்த இரு இடங்களின் மட்ட வேறுபாடு. எங்கே உயரம் குறைவாக வருகிறதோ அந்தத் தரைதான் மேடு.

உங்கள் விடுதி முற்றத்தில் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் கட்டமிட்டு அளந்து, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடுகளை வரையுங்கள். ஒரு புள்ளி 0.32 மீட்டர், அதிலிருந்து 5 மீட்டர் தள்ளியுள்ள அடுத்த புள்ளி 0.57 மீட்டர் என்றால், 0.40 மீட்டர் கோடு முதல் புள்ளியிலிருந்து 1.6 மீட்டர் தொலைவில் செல்லும். நீர் அக்கோடுகளுக்குச் செங்குத்தாக ஓடும் என்பதால், அது எங்கே போய்த் தேங்கும் என்று தாளில் முன்கூட்டியே குறித்து வையுங்கள். அடுத்த மழையில் குடையோடு முற்றத்தில் நின்று சரிபாருங்கள். குறித்த இடமும் நீர் நின்ற இடமும் எங்கெங்கே மாறுபடுகின்றன என்பதை இங்கே பதிவிட்டால், காரணத்தைச் சேர்ந்தே தேடலாம்.