எரிபொருள் குறைவாகவும் காபன் கூடுதலாகவும் வருகிறது, எங்கே பிழை?

கொட்டாஞ்சேனை மாணவி:
வணக்கம். செயற்றிட்டம் ஒன்றுக்காக, சென்னையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வரும் ஏ320 விமானத்தின் எரிபொருளைக் கணக்கிடுகிறேன். தூரம் சுமார் 350 கடல்மைல், வேகம் மணிக்கு 450 கடல்மைல். மணிக்கு 2,400 கிலோ எரிகிறது என்று எடுத்தால் 1,867 கிலோ. ஒரு லீற்றர் 0.8 கிலோ என்பதால், அதை 0.8ஆல் பிரித்தால் 2,333 லீற்றர். அதை 3.16ஆல் பெருக்கினால் 7,372 கிலோ காபனீரொட்சைட்டு. எரிபொருள் குறைவு, காபன் அதற்குப் பொருந்தவில்லை என்கிறார் மேற்பார்வையாளர். விலை அமெரிக்கச் சந்தையில் கலனுக்கு இவ்வளவு என்று இருக்கிறது. கலனுக்கு 4.546 லீற்றர் போட்டேன், சரியா?

இரத்மலானைப் பொறியியலாளர்:
தங்கச்சி, முதலில் 7,372ஐ 1,867ஆல் பிரித்துப் பாருங்கள். 3.95 வரும். 3.16 என்பது ஒரு கிலோ எரிபொருளுக்கான எண், லீற்றருக்கு அல்ல. லீற்றருக்கு 2.53 தான். ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளின் எடையில் ஏறக்குறைய 86 வீதம் காபன். அதை 44/12ஆல் (காபனீரொட்சைட்டு, காபன் ஆகியவற்றின் எடை விகிதம்) பெருக்கினாலே 3.15 வந்துவிடும். எண்ணை மனனம் செய்வதைவிட இப்படிச் சரிபார்ப்பது நல்லது.

எரிபொருள் ஏன் குறைகிறது? 2,400 கிலோ என்பது உயரத்தில் சீராகப் பறக்கும்போது எரிவது. இவ்வளவு குறுகிய பறப்பில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பங்கு. ஐசிஏஓ என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 3,000 அடிக்குக் கீழே நடக்கும் தரை நகர்வு, புறப்பாடு, தரையிறக்கம் ஆகியவற்றுக்கு வைத்திருக்கும் நியம வட்டத்தில் தரையில் நகர்வதற்கு மட்டும் 26 நிமிடம். இந்த வட்டம் முழுவதற்கும் ஏ320க்குச் சுமார் 800 கிலோ. அதைச் சேருங்கள். 3,000 அடிக்கு மேல் ஏறுவதற்கும் கூடுதலாகச் செலவாகும், மொத்தம் 3 தொன்னை நெருங்கும்.

வெள்ளவத்தை அண்ணா:
விலைக்கு அமெரிக்கக் கலனான 3.785 லீற்றரைப் போடுங்கள். 4.546 பிரித்தானியக் கலன். அதனால் செலவு 17 வீதம் குறைவாகக் காட்டும்.

கொட்டாஞ்சேனை மாணவி:
மிக்க நன்றி அண்ணா. 2,667 கிலோ, காபனீரொட்சைட்டு 8,428 கிலோ என்று வருகிறது. கட்டுநாயக்கவில் இறங்க முடியாமல் மத்தளை விமான நிலையத்துக்குத் திருப்ப வேண்டி வந்தால் என்று ஏற்றும் இருப்பு எரிபொருளையும் சேர்க்க வேண்டுமா?

இரத்மலானைப் பொறியியலாளர்:
வேண்டாம். எரியாதது காபனீரொட்சைட்டு ஆகாது. ஆனால் அந்தப் பாரத்தைச் சுமப்பதால் எரிவது கொஞ்சம் கூடும். அப்புறம், ஒருவருக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டு என்று பார்க்கும்போது 150 இருக்கையால் பிரிக்காமல், ஏறிய ஆட்களால் பிரியுங்கள். 120 பேர் என்றால் 56 கிலோ 70 ஆகிவிடும்.