650 டிகிரி பெயிண்ட் ஏன் கரைந்தது? பழைய புல்லட் எஞ்சினுக்கு எதை அடிப்பது?

கடற்கரைச்சாலை:
வணக்கம். அப்பாவின் 1994 ஸ்டாண்டர்ட் 350, கேஸ்ட் அயர்ன் பேரல் (பிஸ்டன் ஓடும் இரும்பு சிலிண்டர்) எஞ்சின். ஊர் தூத்துக்குடி, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு. பேரல் துருப்பிடித்து, அதற்குக் கீழே இருக்கும் அலுமினியப் பெட்டியான கிராங்க்கேஸ் முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. போன தை மாதம் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து எஞ்சின் மொத்தத்துக்கும் கறுப்பு அடித்தேன். 650 டிகிரி தாங்கும் என்று போட்டிருந்த ஸ்ப்ரே டப்பா, நானே வாங்கிக் கொடுத்தது.

பேரல் இன்னும் பரவாயில்லை. கீழேதான் போய்விட்டது. ஒரு நாள் கார்ப் (கார்புரேட்டர்) வழிந்து, பெட்ரோல் ஓடிய தடமெல்லாம் கறுப்பு கரைந்து இறங்கிவிட்டது. நேற்று பனியன் துணியில் பெட்ரோல் நனைத்து, கார்புக்குக் கீழே கியர்பாக்ஸ் மேல் தேய்த்துப் பார்த்தேன். இரண்டே தேய்ப்பில் துணி மை துடைத்த மாதிரி ஆகிவிட்டது, அடியில் அலுமினியம் தெரிகிறது. 650 தாங்காவிட்டால் அடுத்து 1000 டிகிரி டப்பா வாங்க வேண்டுமா? அப்பா இந்த வண்டியை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார். இந்த முறை சரியாகச் செய்துவிட வேண்டும்.

பட்டறை87:
1000 டிகிரி வாங்காதீர்கள் தம்பி, அதே கதைதான் நடக்கும். அந்த டப்பாவில் இருப்பது சிலிக்கான் ரெசின். அது காற்றில் காய்வது வெறும் தொட்டுப்பார்க்கும் அளவுக்குத்தான். உண்மையில் இறுகுவதற்கு 200 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். புகை வெளியேறும் பெண்டு பைப்பில் அடித்தால் வண்டி ஓட ஓடத் தானே வெந்துவிடும். உங்கள் பேரலிலும் மேல் பாதி ஓரளவு வெந்திருக்கும், அதனால்தான் நிற்கிறது. கிராங்க்கேஸ் என்ன சூடு ஏறும்? ஆயில் சூடுதான், 100 டிகிரியைச் சுற்றித்தான். அங்கே அந்த பெயிண்ட் ஆயுசுக்கும் பச்சையாகவே இருக்கும். பெட்ரோல் பட்டால் கரையத்தான் செய்யும்.

கீழே சூடு எதிரியே இல்லை. பெட்ரோல், ஆயில், கல் அடி, உப்புக் காற்று இவைதான் எதிரி. அதற்கு ஹார்டனர் கலக்கும் டூ‑கே பாலியூரித்தேன் அடியுங்கள். கார் பெயின்டர் யாரிடமும் கிடைக்கும். நன்றாக இறுகிய பிறகு பெட்ரோல் அதை ஒன்றும் செய்யாது.

கொங்குக்காரன்:
நான் கோவையில் பவுடர் கோட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறேன், அதனால் என் பேச்சில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன். ஆனால் டூ‑கேவை விட பவுடர் எவ்வளவோ மேல். 180 முதல் 200 டிகிரியில் அடுப்பில் வெந்து வெளியே வரும்போதே முழுதாக இறுகிவிடுகிறது. 60, 80 மைக்ரான் கனம் ஒரே அடியில் கிடைக்கும். பாலியஸ்டர் பவுடர் கேளுங்கள். எபாக்சி பவுடர் வெயிலில் வெளிறிப் பொடி உதிரும்.

பட்டறை87:
பொருள் நல்லதுதான், மறுக்கவில்லை. கிராங்க்கேஸை 200 டிகிரி அடுப்பில் வைத்தால் உள்ளே இருக்கும் பேரிங் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நாங்கள் பேரிங் கழற்றுவதே கேஸை சூடாக்கித்தான். உங்கள் அடுப்பில் பேரிங், புஷ் எல்லாம் தானே கழன்று விழும். ஆயில் சீல் கருகும். அப்படியென்றால் எஞ்சினை மொத்தமாகப் பிரிக்க வேண்டும். இவர் கேட்பது பெயிண்ட், ஓவராயில் இல்லை.

கொங்குக்காரன்:
பிரித்துக் கொடுத்தால்தான் நானும் எடுப்பேன். மூடியோடு வந்த கேஸைத் திருப்பி அனுப்பிய நாட்களும் உண்டு. இன்னொன்றையும் நானே சொல்கிறேன்: பழைய வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் முப்பது வருட ஆயில் ஊறியிருக்கும். வெளியே துடைத்து வைத்தால் சுத்தமாகத்தான் தெரியும். அடுப்பில் முதல் சூடு ஏறியதும் குண்டூசி முனை அளவு பழுப்புத் துளிகள் வரிசையாகக் கசியும், வியர்வை அரும்புவது போல. அதனால் பவுடருக்கு முன் ஒரு முறை வெறுமனே சுட வைத்து, துடைத்து, மறுபடி சுட வைப்போம். இதைச் செய்யாதவர்களின் வேலையில் கொப்புளமும் துளையுமாக இருக்கும். இது டூ‑கேவுக்கும் பொருந்தும், நண்பரே. நீங்கள் அடிக்கிற பெயிண்டுக்கு அடியிலும் அந்த ஆயில் இருக்கத்தான் செய்யும்.

பட்டறை87:
அதை ஒத்துக்கொள்கிறேன். நான் ஹாட் கன் வைத்து சூடாக்கி, தின்னர் துணியால் துடைத்து, துணி வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வேன். ஒரு கேஸுக்கு அரை நாள் போய்விடும்.

மலைப்பாதை:
நான் இருவருக்கும் எதிர்க்கட்சி. அலுமினியத்துக்கு எதற்கு பெயிண்ட்? பழைய புல்லட்டில் எஞ்சின் மூடிகள் பாலிஷ் போட்டுப் பளபளப்பதுதானே அழகு. பெயிண்ட் அடித்தால் முதல் கல் அடியில் ஒரு பொட்டு போகும். அந்த ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வளைந்து வளைந்து அரித்துக்கொண்டே போகும். வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும். வெறும் அலுமினியம் என்றால் வெள்ளை பூப்பது அன்றைக்கே கண்ணில் படும், பாலிஷ் போட்டால் போகும். எனக்கு 22 வருடமாக அப்படித்தான். தவிர, பெயிண்ட் சூட்டை அடைத்து வைக்கும். காற்றில் ஆறுகிற எஞ்சினுக்குப் போர்வை போர்த்தலாமா?

எண்கணக்கு:
அரிப்பு பற்றிச் சொன்னது உண்மை. போர்வை என்பது மட்டும் தப்பு, கணக்கே போட்டுவிடலாம். பெயிண்டின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.2 (எல்லா எண்ணும் SI அலகில்). 80 மைக்ரான் பவுடர் என்றால் அதன் தடை 0.0004. ஃபின்னை, அதாவது எஞ்சினை ஆற்றும் தகடுகளை, தழுவி ஓடும் காற்று வெப்பத்தை எடுக்கும் திறனை 50 என்று வைத்தால் அந்தக் காற்றுப் படலத்தின் தடை 0.02. பெயிண்ட் சேர்ப்பது அதில் 2 சதவீதம். ஸ்ப்ரே பெயிண்ட் 40 மைக்ரான், 1 சதவீதம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாலிஷ் போட்ட அலுமினியம் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவது பத்தில் ஒரு பங்குகூட வராது. பெயிண்ட் அடித்த பரப்பு பத்தில் ஒன்பது பங்கு விடும், வெள்ளையோ கறுப்போ பெரிய வித்தியாசம் இல்லை. அலுமினியத் தூள் கலந்த சில்வர் பெயிண்ட் மட்டும் இரண்டுக்கும் நடுவில். ஓடும்போது காற்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது பெயிண்ட் கொஞ்சம் உதவும், அதுவும் ஃபின்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்பதால் முழுப் பலனும் வராது. உண்மையான போர்வை ஃபின் இடுக்கில் அடைத்த சேறும் ஆயில் பிசுக்கும்தான்.

மலைப்பாதை:
கணக்கை ஏற்கிறேன், போர்வை வாதத்தை விட்டுவிடுகிறேன். அரிப்பு வாதத்தை விட மாட்டேன். கடலோரத்தில் சரியாக ஒட்டாத பெயிண்டை விட வெறும் உலோகமே மேல்.

பட்டறை87:
சரியாக ஒட்டாத பெயிண்ட் என்றீர்களே, அதுதான் விஷயம். அலுமினியத்தைத் தேய்த்த சில நிமிடங்களிலேயே மேலே ஆக்சைடு தோல் வந்துவிடும். சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் அதில் பிடிக்காது. அமிலம் கலந்த எட்ச் பிரைமர் அல்லது எபாக்சி பிரைமர், இரண்டில் ஒன்று. எட்ச் மேல் எபாக்சி மட்டும் வேண்டாம், எட்ச்சின் அமிலம் எபாக்சியை இறுக விடாது. தேய்ப்பதற்கு இரும்பு வயர் பிரஷ் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, பிறகு பெயிண்டுக்கு அடியில் துருப் புள்ளியாக எழும்பும். உப்புத்தாள் அல்லது நைலான் பேட் போதும். வாட்டர் வாஷ் கடையில் டாய்லெட் ஆசிட் ஊற்றிப் பளிச்சென்று ஆக்கித் தருகிறேன் என்பார்கள், தயவுசெய்து விடாதீர்கள். காஸ்டிக் சோடாவும் அப்படியே, அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கடற்கரைச்சாலை:
அண்ணா, அப்போது பேரலுக்கும் அதே டூ‑கேதானா? அது இரும்பு, வெறுமனே விட முடியாது.

பட்டறை87:
பேரலுக்கு வேண்டாம். பேரல் மேல் உட்காரும் ஹெட்டை ஒட்டிய ஃபின்கள் 150, 200 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் டூ‑கே பழுப்பாகி நொறுங்கும். அங்கே உங்கள் 650 டிகிரி டப்பாதான் சரி, ஆனால் முறையாகச் சுட வேண்டும். பழைய பெயிண்ட், துரு எல்லாம் போய் சாம்பல் நிற இரும்பு தெரிய வேண்டும். அடியில் சாதாரண பிரைமர், பட்டி எதுவும் கூடாது, அது கருகும்போது மேலே இருப்பதையும் சேர்த்துக் கீழே தள்ளும். அடிக்கும்போது முதலில் ஃபின் இடுக்கின் அடிவாரத்துக்கு, பக்கவாட்டில் சாய்த்து, மெல்லிய தூறலாக இரண்டு கை. கடைசியில்தான் முன்முகம். நேராக நின்று அடித்தால் ஓரத்தில் வழியும், உள்ளே இரும்பு அப்படியே நிற்கும், ஆறு மாதத்தில் உள்ளிருந்து துரு எட்டிப் பார்க்கும்.

உங்கள் ஊரில் காலைப் பனி இருக்கும். மதியம் அடியுங்கள், பேரலை வெயிலில் வைத்துக் கை பொறுக்கும் சூடு ஏறிய பிறகு.

எண்கணக்கு:
டூ‑கே அடிப்பவர் கவனத்துக்கு: அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா. வெளிக்காற்று தரும் மாஸ்க் வைத்திருக்கும் பூத்தில் கொடுங்கள். வீட்டு வராண்டாவில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வேண்டவே வேண்டாம்.

கொங்குக்காரன்:
தம்பி, அந்தப் பேரலைச் சமையல் அடுப்பிலோ கேக் அடுப்பிலோ வைத்துவிடாதீர்கள், புகை நல்லதல்ல. தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ பவுடர் கோட்டிங் செய்பவர் இருப்பார். கேட்டால் மற்ற சரக்கோடு சேர்த்து 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துத் தருவார். என் யூனிட்டில் இப்படி வருபவர்களுக்குச் செய்துதான் கொடுக்கிறேன். பவுடர்தான் சிறந்தது என்பதில் நான் இன்னமும் மாறவில்லை, என்றைக்காவது எஞ்சினை முழுதாகப் பிரிக்கும்போது கேஸை அனுப்புங்கள்.

கடற்கரைச்சாலை:
எல்லோருக்கும் நன்றி. பேரலும் ஹெட்டும் கழற்றிவிட்டேன். பேரல் சிலிக்கான் கறுப்பு, திருநெல்வேலியில் ஒரு யூனிட்டில் சுட்டுத் தர ஒத்துக்கொண்டார்கள். எஞ்சினின் பக்க மூடிகளான டைமிங் கவரும் செயின் கேஸும் மலைப்பாதை அண்ணா சொன்னபடி வெறும் பாலிஷ், அப்பாவுக்கும் அதுதான் பிடிக்கிறதாம். ஹெட்டுக்குப் பெயிண்டும் இல்லை, பாலிஷும் இல்லை, சுத்தம் மட்டும் செய்து விடுகிறேன். கிராங்க்கேஸும் கியர்பாக்ஸும் பெயின்டர் பூத்தில் எபாக்சி பிரைமர், டூ‑கே சில்வர்.

மலைப்பாதை:
கிராங்க்கேஸையும் விட்டிருக்கலாம். சரி, மூன்று மழைக்காலம் கழித்து அந்தச் சில்வரைப் படம் பிடித்துப் போடுங்கள், பேசிக்கொள்வோம்.

பட்டறை87:
போடட்டும், நானும் பார்க்கிறேன். தம்பி, ஒன்று விட்டுவிட்டேன். பேரலின் மேல்முகம், அடிமுகம், நட் உட்காரும் இடம் எங்கும் பெயிண்ட் படக்கூடாது. நட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்தால் சூட்டில் அமுங்கும், முறுக்கிய இறுக்கம் தளரும், கேஸ்கெட் கசியும். பேரல் உள்ளே பழந்துணி திணித்து இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி அடியுங்கள். அடுப்புக்குப் போகும் முன் துணி, டேப் இரண்டையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பசை கருகி ஒட்டிக்கொள்ளும். சுட்டு வந்ததும் உள்சுவரில் ஆயில் தடவி வையுங்கள், உங்கள் ஊர்க் காற்றில் ஒரே ராத்திரியில் துரு பிடித்துவிடும்.